ஏழு மீட்டர் தூரத்தில் நின்றவள்

பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை எடுத்துப் போகிறவர் நேற்று திருச்சியிலிருந்து வந்திருந்தார். இருட்டறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த கட்டுகளை அவிழ்த்து அவருடைய சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல படங்களை நோயாளிகள் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். எங்களிடம் தங்குபவை எல்லாம் ஆடிப்போனவை, கறுத்துப்போனவை, மறுபடி எடுக்க வேண்டியிருந்தவை. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இரண்டைப் பிரித்தபோது படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அடியில் இருந்தது ஓர் இடது கை. ஓரத்தில் எழுதியிருந்த பெயரை நான் படிக்கவில்லை. படிக்காமலே யாருடையது என்று தெரிந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, உள்ள போடுங்க" என்றார் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்.

"இது மட்டும் வேணாங்க" என்றேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உன்னை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எலும்புதான் எனக்கு ஞாபகம் வருகிறது. சொன்னால் சிரிப்பாய். இந்த ஊரில் எல்லோரும் உன்னை வெளியிலிருந்து பார்த்தார்கள். நான் உள்ளேயிருந்து பார்க்க ஆரம்பித்தவள். அதனாலேயே எல்லோரையும்விட அதிகமாகத் தப்பாகவும் பார்த்தேன்.

நீ முதலில் வந்தது தொண்ணூற்றெட்டு கோடையில். அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் எங்கள் ஆஸ்பத்திரி அப்போது இன்னும் சின்னது. சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்திருக்கிறது என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். நீ தலையைக் குனிந்து வாசலுக்குள் நுழைந்தாய். உன் உயரத்துக்குப் புடவை எட்டவில்லை. கணுக்காலுக்கு மேலே நின்றது. பக்கத்தில் உன் தோளளவுக்கு உன் வீட்டுக்காரர் செல்வராசு. செட்டிகுளத்துக்காரர். அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து உதவித்தொகையில் ரஷ்யா போய் இன்ஜினியர் படித்து வந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது, கேட்ட கேள்விக்கெல்லாம் நீ அவர் முகத்தைப் பார்த்ததும், அவரே பதில் சொன்னதும்தான்.

"கேட்டைச் சாத்தும்போது கை மாட்டிக்கிச்சுங்க" என்றார். உன் பெயரை எழுதத் தெரியாமல் சீட்டில் 'மிசஸ் செல்வராசு' என்று எழுதிக்கொண்டேன்.

சிவப்பு விளக்கடியில் ஃபிலிமைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பார்த்தபோது, வேறு யாருடைய படத்தையோ கழுவிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கேட்டில் நசுங்கியது நடுவிரல் நுனி. அதில் ஒரு மெல்லிய கீறல், அவ்வளவுதான். ஆனால் சுண்டுவிரல் இரண்டு இடத்தில் எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. மோதிர விரலில் ஒரு முடிச்சு. கட்டைவிரலின் அடியில் ஒரு சில்லு தனியாக நின்றது. மணிக்கட்டில் பழைய விரிசல். படம் கறுத்துவிட்டதால் இன்னொன்று எடுத்தேன். அதிலும் அதேதான். வலது கையையும் எடுக்கச் சொன்னார் டாக்டர். அதுவும் அப்படியே. கேட்டில் பட்டதை விட்டுவிட்டு, பழசு மட்டும் இரண்டு கையிலும் சேர்த்துப் பதினொரு இடம் எண்ணினேன்.

"எல்லாம் பழசும்மா. புதுசுக்கு மட்டும் கட்டுப் போடுவோம்" என்று டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

என்னால் விட முடியவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால்தான் என் அக்கா பூங்கொடியின் முன்கையை அதே மேசையில் வைத்து நான் படம் எடுத்திருந்தேன். கல்லங்குறிச்சியில் கட்டிக்கொடுத்தவள். வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். வழுக்கி விழுகிறவள் எங்கே உடைத்துக்கொள்வாள், அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவள் எங்கே உடைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மாவுக்கட்டுப் போட்டு பஸ் ஏற்றி அனுப்பினோம்.

செல்வராசு மருந்து வாங்கப் போன நேரத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"யாருங்க அடிச்சா?"

நீ கொஞ்சம் யோசித்தாய். மாமியாரிடம் கற்ற தமிழ், அதுவும் அரைகுறை. "நெறய பேரு."

"வீட்டு ஆளுங்களா?"

"மொதல்ல நம்ம ஆளுங்க. தெனமும். அப்பறம் வெளி ஆளுங்க. எல்லாம் பொம்பளைங்கதான்."

கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். "நீங்க தடுக்கக் கூடாதா?"

"தடுத்தேன். தடுத்துத்தான் ஒடஞ்சுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். "அதான் என் வேலை."

அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது. பூங்கொடியும் அப்படித்தான் சிரித்தாள்.

மகளிர் காவல் நிலையத்து ஏட்டம்மாவை எனக்குப் பழக்கம். விபத்துக் கேஸ்களுக்கு அவர்தான் வருவார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கண்ணால பாத்தியா?" என்றார்.

"எலும்புல பாத்தேங்க."

புகார் எழுத வேண்டாம், போய் விசாரித்துவிட்டு வரலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றோம். காக்கிப் புடவையைப் பார்த்ததும் நாலு வீட்டுக் கதவுகள் திறந்தன. உன் மாமியார் ராமாயி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செல்வராசு லுங்கியோடு எழுந்து வந்தார்.

"சம்சாரத்தை அடிக்கிறீங்களாமே. இந்தப் பொண்ணு எக்ஸ்ரேல பாத்துருக்கு" என்றார் ஏட்டம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ராமாயி அம்மாதான் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏம்மா, எங்க வூட்டுல எவன் கைய ஓங்குவான்? இவங்கப்பன் அடுத்தவன் காட்டுல அடி வாங்கி வாங்கியே காது கேக்காமப் போனவரு. அவரு புள்ள பொஞ்சாதி மேல கை வைப்பானா? அவளயே கூப்புட்டுக் கேளு."

நீ சமையலறையிலிருந்து வந்தாய். என்ன என்று கேட்டாய். செல்வராசு உங்கள் பாஷையில் சொன்னார். நீ என் பக்கம் திரும்பினாய். பிறகு சிரிக்க ஆரம்பித்தாய். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாய். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உன் சிரிப்பு நின்றது. உள்ளே போய் ஒரு சூட்கேஸைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் திறந்தாய்.

மேலே மடித்து வைத்த ஒரு சட்டை. அதன் கீழே போட்டோக்கள். உயரம் உயரமாகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, நடுவில் உனக்கு மட்டும் வேறு நிறம். கோல்கீப்பருக்கு அப்படித்தானாம். ஹேண்ட்பால் என்றாய். ஒரு கைக்குள் அடங்குகிற பந்து. பக்கத்துக்கு ஏழு பேர். காலால் உதைப்பதில்லை, கையால் எறிவார்கள், ஓடி வந்து எகிறி, கோலுக்கு ஆறு மீட்டர் பக்கத்திலிருந்து.

"கைக்கு உறை போட மாட்டீங்களா?" என்றார் ஏட்டம்மா.

"கெடயாது" என்று வெறுங்கையை விரித்துக் காட்டினாய்.

அந்தக் கையின் உள்ளே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ரஷ்யாவில் சின்ன வயதில் தொடங்கி இருபத்தெட்டு வயதுவரை பந்து தடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவள், எங்கள் ஊர்க் குவார்ட்டர்ஸில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். "நம்ம ஆளுங்க தெனமும்" என்றால் பயிற்சி. "வெளி ஆளுங்க" என்றால் போட்டி. நீ ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ஏட்டம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். சுவரோரம் மூன்று மீட்டர் விட்டு இரண்டு செங்கல் வைத்தாய். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, புடவையை இடுப்பில் செருகி, "எறி" என்றாய். ஏட்டம்மா போலீஸ் பயிற்சியில் குண்டு எறிந்தவர். முதல் பந்தை மரியாதைக்கு எறிந்தார். பிறகு நிஜமாகவே எறிந்தார். அவர் இடுப்பு உயரத்துக்கு எறிந்த பந்தை நீ காலைத் தூக்கித் தடுத்தாய். ஒரு பெண்ணின் கால் அவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எத்தனை எறிந்தும் ஒன்றுகூட அந்தச் செங்கற்களுக்கு நடுவே போகவில்லை.

செல்வராசு மட்டும் அங்கே இல்லை. உள்ளே போயிருந்தார். நான் பின்னாலேயே போய், "மன்னிச்சுருங்க சார்" என்றேன்.

அவர் திரும்பாமலே சொன்னார். "வெளியில நாலு பேரு முன்னாடி கேட்டீங்க. மன்னிப்பு மட்டும் உள்ள வந்து கேக்குறீங்க."

என்னை அடித்திருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது. வெளியே வந்தேன். கூடியிருந்தவர்கள் முன்னால், "நான் தப்பாச் சொல்லிட்டேன். இவரு அடிக்கல. தப்பு என்னுது" என்றேன். ராமாயி அம்மா ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார். "குடி. வூடு தேடி வந்துட்ட, தொண்டையை நனைச்சுட்டுப் போ."

அதற்குப் பிறகும் நீ என்னிடம் வந்தாய் என்பதுதான் இன்றுவரை எனக்கு நம்ப முடியாதது. கட்டுப் பிரிக்க வந்த அன்று, "மதி" என்று கூப்பிட்டாய். வளர்மதி என்ற என் பெயரில் உனக்கு வாய்த்தது பாதிதான். 'ங்க' போட்டுப் பேச வேண்டாம் என்றாய். உனக்கே அது எங்கே போடுவது என்று கடைசிவரை பிடிபடவில்லை. டாக்டரை "வா, உக்காரு" என்பாய், வாசலில் படுத்திருக்கும் நாயை "தள்ளிப் போங்க" என்பாய்.

செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வருவாய். படம் பார்க்கும் வியூ பாக்ஸ் விளக்கைப் போட்டு உன் கைப் படத்தை மாட்டச் சொல்வாய். உன் கதையை நீ வருடம் வருடமாகச் சொல்லவில்லை. விரல் விரலாகச் சொன்னாய்.

வலது சுண்டுவிரல் பதினாலு வயதில். பயிற்சியாளர் அதை இழுத்து நேராக்கி, அடுத்த விரலோடு சேர்த்துக் கட்டி, திரும்பக் கோலில் நிறுத்தினார். அம்மா பார்த்தால் விளையாட விடமாட்டாள் என்று பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளும் கம்பளி உறையைக் கழற்றாமலே இருந்தாயாம். இடது மோதிர விரல் ஒரு செருப்பு ஆலையின் அணியில் ஆடும்போது. ஆலையின் ஆள் கணக்கில் தையல்காரி என்று உன் பெயர் இருந்தது. ஒரு செருப்பைக்கூட நீ தைத்ததில்லை. அந்த ஆலையின் விளையாட்டுக் கூடத்துக்குத்தான் ஒரு கறுத்த ஒல்லிப் பையன் தினமும் வந்து கடைசி வரிசையில் உட்காருவான். உன்னைப் பார்க்க வருகிறான் என்று தோழிகள் கேலி செய்தார்கள். நீயே போய்க் கேட்டாய். "இங்கதான் சூடா இருக்கு" என்றார் செல்வராசு. ஹாஸ்டலில் குளிர் தாங்கவில்லையாம். "அந்தப் பதிலுக்குத்தான் கட்டிக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

இடது கட்டைவிரலின் சில்லைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நீ சிரிக்கவில்லை. நாட்டு அணியில் மூன்று வருடம் இருந்தாய். இரண்டாவது கோல்கீப்பர். ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். எதிரணிக்குத் தண்டனை எறிதல் கிடைத்தால் மட்டும் உன்னைக் கூப்பிடுவார்கள். ஏழு மீட்டர் தூரத்தில் ஒருத்தி பந்தோடு நிற்பாள், கோலில் நீ, நடுவில் யாரும் இல்லை. "எந்திரிச்சுப் போவேன், ஒரு அடி வாங்குவேன், திரும்ப வந்து உக்காருவேன்." பந்தைப் பார்த்தால் தாமதமாகிவிடும், எறிகிறவளின் தோளைப் பார்க்க வேண்டும் என்றாய். பெரிய போட்டி ஒன்றில் அப்படிப் போய் நீ கட்டைவிரலால் தடுத்த ஒரு பந்தில்தான் உங்கள் நாடு ஜெயித்தது. அந்தப் போட்டோவைக் காட்டினாய். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். ஓரத்தில் நீ, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தனியாக.

பிறகு ஒரு காலையில் பயிற்சி முகாமில் இனிமேல் இந்தச் சட்டை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். நாடே உடைந்து பல நாடாகிவிட்டது, நாட்டு அணி ஏது? வேறொரு தேசத்தில் சின்ன ஊர் அணி ஒன்றில் இரண்டு வருடம் ஆடினாய். அங்கே முழங்கால் போயிற்று. அத்தோடு முடிந்தது. அரியலூரைத் தனி மாவட்டம் என்று பிரித்து, மறு வருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தபோது நாங்களெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தோம். "இதுக்கா? நான் தூங்கி எந்திரிச்சா நாட்டுக்கே வேற பேரு" என்றாய்.

ஆனால் உன்னால் நான் ஆடிப்போன நாள் அதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. நாம் பழகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. செல்வராசு சாரிடம் நான் செய்த தப்பு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஏன் அப்படி நினைத்தேன் என்று உனக்குச் சொல்லிவிட வேண்டுமென்று, டீ குடிக்கும்போது பூங்கொடியின் கையைப் பற்றிச் சொன்னேன்.

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "அந்தக் கைய யாரு படம் எடுத்தா?"

"நான்தான்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. கட்டுப் போட்டு அனுப்பிட்டோம்."

"எனக்குப் போலீஸ் கூட்டிட்டு வந்தே. நான் யாருன்னே ஒனக்குத் தெரியாது. அக்காவுக்கு?"

"மாமா நல்லவருதான். குடிச்சா மட்டும்தான்..."

நீ என்னை இடைமறித்தாய். கிண்டல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போலக் கேட்டாய்.

"ஒங்க அக்கா எந்த டீம்ல ஆடுறா மதி?"

அன்று மிச்சம் இருந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று ஞாபகமில்லை. இரண்டு படங்கள் கறுத்துப்போய்த் திரும்ப எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வார விடுமுறையில் நாம் இரண்டு பேரும் கல்லங்குறிச்சிக்கு டவுன் பஸ் ஏறினோம். வெள்ளைக்காரி பெருமாளைச் சேவிக்க வந்திருக்கிறாள் என்று இறங்கிய இடத்திலேயே நாலு பேர் கோயிலுக்கு வழி காட்டினார்கள். மாமா உனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, கலர் வாங்கி வரச் சொன்னார். நீ நாற்காலியில் உட்காரவில்லை. பூங்கொடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையின் பக்கத்தில் உன் கையை வைத்தாய். அவள் உன் விரல்களைப் பார்த்து, "ஒங்களுக்கு யாரு?" என்றாள். "பந்து" என்றாய். பூங்கொடி சிரித்துவிட்டாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா, கொஞ்ச நாளு எங்களோட வந்து இரு. அம்மா ஒன்னப் பாக்கணுங்குது" என்றேன்.

"நான் எங்க வர்றது, மாடு கன்னெல்லாம் யாரு பாப்பா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் குரல் மாறியது.

"ஓஹோ. வெளியூர்க்காரியக் கூட்டிட்டு வந்து என் பொண்டாட்டியப் பிரிச்சுட்டுப் போகப் பாக்குறியா?"

அவர் என்னிடம் வரவில்லை. அவருக்குப் பழகிய திசையில்தான் கை போயிற்று. பக்கத்திலிருந்த பித்தளைச் செம்பை எடுத்து அக்காவைப் பார்த்து வீசினார். எனக்கு அவர் கையை ஓங்கியது தெரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது செம்பு தரையில் உருண்டது. நடுவில் நடந்ததை நான் பார்க்கவே இல்லை. நீ எப்போது எழுந்தாய், அக்காவின் முகத்துக்கும் செம்புக்கும் நடுவில் உன் இடது கை எப்படிப் போயிற்று, தெரியாது. தண்ணீர் உன் புடவையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. நீ அதை வலது கையால் பிடித்து இழுத்து நேராக்கினாய். பல்லைக் கடிக்கக்கூட இல்லை.

பூங்கொடி உன் விரலைப் பார்த்தாள். தன் கை உடைந்தபோது அழாதவள், உன் விரலைப் பார்த்து அழுதாள். பிறகு எழுந்து உள்ளே போய் இரண்டு புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மாமா வாசலிலேயே நின்றார், தடுக்கவில்லை. தான் வீசியதை ஒருத்தி நிறுத்திவிட்டாள் என்பதிலிருந்து அவர் இன்னும் மீளவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் உன் கையை மறுபடி நானே படம் எடுத்தேன். "இது மட்டும் உள்ளூர் அடி" என்றாய். பன்னிரண்டாவது. மூன்று முறை பஞ்சாயத்து வந்தது. பூங்கொடி திரும்பிப் போகவில்லை. இப்போது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வார்டு வேலை பார்க்கிறாள்.

இரண்டாயிரத்து நாலு கடைசியில் நீ இருமலோடு வந்தாய். சிமெண்ட் தூசியாயிருக்கும் என்று நானே சொன்னேன். பலகையில் மார்பை ஒட்டி நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடி" என்றேன். வழக்கம்போல் கேலி பேசிக்கொண்டே பிடித்தாய். இருட்டறைக்குள் போய் ஃபிலிமைத் தொட்டியில் விட்டேன். முதலில் விலா எலும்புகள் எழுந்தன. அப்புறம் நடுவில் ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. எழ எழ எனக்கு அதை வெளியே எடுக்க மனம் வரவில்லை. நேரம் கடந்தால் கறுத்துவிடும். கறுக்கட்டும், ஒன்றும் தெரியாமல் போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ பூங்கொடியிடம் புளிக்குழம்பில் எப்போது வெல்லம் போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்தபடிதான் வெளியே வந்தேன். நீ பேச்சை நிறுத்தினாய்.

"எத்தனை?" என்றாய்.

"என்ன எத்தனை? டாக்டர் பாக்கட்டும். நான் எண்ணல."

"பொய். நீ எல்லாத்தையும் எண்ணுவே." என் முகத்தை நீ பார்க்கவே இல்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ரெண்டு பக்கமும்" என்றேன். எனக்குச் சொல்லும் அதிகாரம் இல்லை. ஆனால் உன்னிடம் மறைக்கிற உடம்பும் எனக்கு இல்லாமல் போயிற்று.

நீ புடவையைச் சரிசெய்துகொண்டாய். "அவன்கிட்ட நான் சொல்றேன். நீ சொல்லாதே. ஒனக்கு மெதுவாச் சொல்லத் தெரியாது."

திருச்சிக்கு அலைந்தீர்கள். மருந்து ஏற்றினார்கள். உன் மஞ்சள் முடி கொட்டியது. ஊருக்குப் போகிறாயா என்று செல்வராசு கேட்டாராம். "ஊருக்குத்தான் போகணும்" என்றாயாம். அவர் டிக்கெட் விசாரிக்க எழுந்தபோது, "பஸ்ஸுக்கு எதுக்கு விசாரிக்கிறே" என்று சொல்லி அவரைச் செட்டிகுளத்துக்குக் கூட்டிப்போகச் செய்தாய். அங்கே ராமாயி அம்மா உன் விரல் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். மாமியார் மருமகள் இரண்டு பேரும் மலையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பீர்கள். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அந்த ஆறு மாதத்தை நம்பி, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. செல்வராசு சார்தான்.

"மதி, போயிட்டா."

"எங்க சார்? திருச்சிக்கா?" என்றேன்.

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பவும், "எந்த ஆஸ்பத்திரி சார், எந்த வார்டு" என்று கேட்டேன். பூங்கொடிதான் வந்து என் கையிலிருந்து போனை வாங்கி வைத்தாள். தெரிந்தே இருந்த சாவு ஒன்று இப்படித் தெரியாதது போல வந்து விழும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நாங்கள் போனபோது உன்னைக் குளிப்பாட்டியிருந்தார்கள். புதுப் புடவை எடுத்து வைத்திருந்தது. ராமாயி அம்மா சூட்கேஸைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தார். நெஞ்சில் நாலு எழுத்து. இப்போது இல்லாத நாட்டின் பெயர். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். செல்வராசு, "ஏம்மா இது" என்றார்.

"அவ உத்தியோகத் துணிடா. வேல பாத்து ஒடஞ்ச ஒடம்பு. வெறுங்கையா அனுப்புறதா?" என்று சொல்லிவிட்டு, புடவைக்கு மேலேயே அதை உன் நெஞ்சில் விரித்து வைத்தார். செல்வராசு அதன் மடிப்பை நீவிவிட்டார். அவர்கள் குடும்பத்து ஆட்கள் கிடக்கிற இடத்தில், மாமனாருக்குப் பக்கத்தில் உன்னை வைத்தோம்.

உன்னோடு கழிந்த ஏழு வருடத்தில் நான் உனக்கு எதுவும் கொடுத்ததாக நினைவில்லை. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. உடம்பில் பழைய உடைசலோடு ஒரு பெண் வந்தால், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இப்போது கேட்டுவிடுகிறேன். டாக்டர் இரண்டு முறை திட்டிவிட்டார். நீ போன பிறகு மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். முதல் பெண் மேலப்பழூர் பக்கம் பஸ்ஸிலிருந்து விழுந்தவள். அவள் புருஷன் வராந்தாவில் நின்று கத்தினார், அந்த வராந்தாவிலேயே நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது பெண்ணுக்கு எலும்பிலேயே நோய். அவளிடமும் கேட்டேன் மன்னிப்பு. இரண்டு முறையும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன்.

மூன்றாவது பெண் போன மாதம் வந்தாள். பெரம்பலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சின்னப் பெண். விலா எலும்பில் மூன்று பழைய உடைசல்கள். கேட்டேன். பதில் சொல்லவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நான் அடுத்த சீட்டை எடுக்கப் போனேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.